நூறு ரூபாயை நீங்களே வச்சுக்குங்க சார்

பொட்டி தட்டுற வேலையில் ஆறு வருஷமா இருக்கேன். எங்க ஆபீஸில் ஏதாவது புட்டுக்கிச்சுன்னா முதல் கேள்வி, "கடைசியா யார் கை வச்சது?" என்பதுதான். லாக்கைத் திறப்பார்கள், பெயர் வந்துவிடும், அந்த ஆளுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. "கஸ்டமர் ஏன் முன்னாடியே இன்ஷூரன்ஸ் எடுக்கலை?" என்று மீட்டிங்கில் எவனாவது கேட்டால் ரவுண்டு கட்டி மொத்திடுவாங்க.

பார்சல் சுமக்கிற தொழிலில் மட்டும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

நமக்குச் சொந்த ஊர் பொன்னமராவதி. தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டம், காரைக்குடிப் பக்கம். ரயில் கிடையாது, எங்கே போறதுன்னாலும் பஸ்தான். அங்கே என் சித்தி பனை ஓலையில் கொட்டான் முடையறாங்க. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடெல்லாம் இருக்கு, ஆனா குறியீடு வந்து வாங்கிக்கிட்டுப் போகாது இல்லையா, அதனால சித்தி போட்டோ எடுத்து வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விக்கிறாங்க. ஹைதராபாத்தில் ஒரு கல்யாண வீடு, தாம்பூலம் வச்சுக் கொடுக்க 40 கொட்டான் கேட்டாங்க. ஒண்ணு 120 ரூபாய், மொத்தம் 4,800. ஒரு கூரியரில் போட்டோம் (பெயர் வேண்டாம், யாருமே யோக்கியம் இல்லை). எடை மூணு கிலோகூட வராது. ஆனா பெட்டி பெருசுன்னு நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து 'வால்யூமெட்ரிக்' கணக்குப் போட்டு 640 ரூபாய் வாங்கிட்டாங்க. சென்டிமீட்டர் சுத்தமா அளந்தாங்கய்யா, அதில் குறை சொல்ல முடியாது.

பெட்டி போய்ச் சேரலை. ட்ராக்கிங்கில் "ஹப்பில் வந்து சேர்ந்தது" என்று ஒரு வரி. அதுக்கப்புறம் பதினோரு நாள் அதே வரி. கல்யாணம் முடிஞ்சு மறுவீடும் முடிஞ்சுது. சித்தி 4,800-ஐயும் ஜீபேயில் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் ஊருக்குப் போனப்ப அந்தக் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டேன்.

"தம்பி, டாக்கெட்டுக்குப் பின்னாடி படிச்சுப் பாருங்க. தொலைஞ்சா அதிகபட்சம் நூறு ரூபாதான்."

"அப்போ மீதி 540 ரூபாய் யாருக்குண்ணே?"

அண்ணன் சிரிச்சார். அவரும் பாவம், கமிஷனுக்கு உட்கார்ந்திருக்கிற ஆள்தான். ஆனா கணக்கைப் பாருங்க. 640 வாங்கி, பொருளைத் தொலைச்சு, 100 கொடுத்தா அவங்க கையில் 540 நிக்குது. தொலைச்சாலும் லாபம் வர்ற தொழில் வேற எது இருக்கு? முடி வெட்டப் போன இடத்தில் காதை வெட்டிட்டு, வெட்டின கூலியில் கொஞ்சம் தள்ளுபடி தர்ற மாதிரி!

"அதெல்லாம் கோர்ட்டில் நிக்காது பாஸ்" என்று ஒரு வக்கீல் நண்பன் தைரியம் சொன்னான். தேடிப் பார்த்தா, சுப்ரீம் கோர்ட்டிலேயே நின்னிருக்கு. பாரதி நிட்டிங் கம்பெனி என்று ஒரு பின்னலாடை நிறுவனம். 1990-ல் ஜெர்மனி வாங்குநருக்குச் சரக்கு அனுப்பிட்டு அதுக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் போட்டாங்க. கவர் போய்ச் சேரலை. கோடை சீசன் தாண்டிப் போனதால் ஜெர்மன்காரன் விலையைக் குறைச்சுத்தான் கொடுத்தான். மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகச் சுருக்கியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் 100 டாலர்தான் என்று முடிச்சிடுச்சு. காரணம், சீட்டில் பொறுப்பு இவ்வளவுதான்னு போட்டிருக்கு, நீ கையெழுத்துப் போட்டிருக்கே. அவ்வளவுதான்.

கையெழுத்து போடாம யாராவது கூரியர் அனுப்பியிருக்கீங்களா? "அண்ணே, ஏழாவது ஷரத்தை அடிச்சிட்டுக் கொடுங்க"ன்னு கவுன்ட்டரில் பேரம் பேசிப் பாருங்க. பின்னாடி வரிசையில் நிக்கிறவங்க தூக்கி வெளியே போட்டுடுவாங்க.

சரி, தனியார்தான் இப்படி, நம்ம போஸ்ட் ஆபீஸ் இருக்கேன்னு கிளம்பறவங்களுக்கு: 1898-ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தபால் தொலைஞ்சாலோ, ஆள் மாறிப் போனாலோ, தாமதமானாலோ, உடைஞ்சாலோ, வெளிப்படையாக ஏத்துக்கிட்ட பொறுப்பைத் தவிர அரசுக்கு வேறெந்தப் பொறுப்பும் இல்லைன்னு சொன்னது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவனுக்கும் இது அவங்க ஊரில் கிடைச்சதுதான். 1778-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கடிதத்துக்குள் வச்சு அனுப்பின வங்கி நோட்டைத் தபால் பிரிக்கிற ஊழியரே திருடிட்டார். தபால் துறைத் தலைவர் லார்ட் லெ டெஸ்பென்சர் பொறுப்பான்னு கேட்டா, இல்லைன்னுட்டார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட். தபால் துறை என்ன சாதாரணச் சுமைகூலிக்காரனா, அது அரசாங்கத்தின் ஓர் அங்கமாச்சே! அதே ராகத்தை நம்ம சுப்ரீம் கோர்ட்டும் பாடியிருக்கு. 1980 ஏ.ஐ.ஆர். தொகுப்பில் முகமது நாஜிம் வழக்கு இருக்கு. பாகிஸ்தானுக்கு வி.பி.பி.யில் சரக்கு அனுப்பின வியாபாரியின் பணப் பிரச்சினை அது. தபால் துறை சுமப்பவரும் இல்லை, அனுப்புநரின் ஏஜென்ட்டும் இல்லைன்னு தீர்ப்பு. வி.பி.பி.ன்னா இன்னிக்கு நாம சொல்ற கேஷ் ஆன் டெலிவரியோட தாத்தா.

1898 சட்டத்தைத் தூக்கிட்டு 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கு. ஆன்லைன் வியாபாரம் தெருத்தெருவா வந்த காலத்தில் எழுதின சட்டமாச்சே, இதை மாத்தியிருப்பாங்கன்னு நம்பிப் படிச்சேன். 10-ஆம் பிரிவு: விதிகளில் வகுத்துச் சொல்லப்படும் பொறுப்பு தவிர அஞ்சலகத்துக்குத் தன் சேவைகள் தொடர்பாக எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆபீசரும், மோசடியாகவோ வேணும்னேவோ செஞ்சாலொழிய, மாட்ட மாட்டார். அடடா! 125 வருஷம் கழிச்சு வார்த்தையைச் சுருக்கி எழுதியிருக்காங்க, அதுதான் சீர்திருத்தம். அப்போ நடந்த சண்டை பெரும்பாலும் தபாலைப் பிரிச்சுப் பார்க்க அனுமதிக்கும் 9-ஆம் பிரிவைப் பத்திதான். அதுவும் வேண்டிய சண்டைதான். ஆனா பக்கத்துப் பிரிவு சத்தமில்லாம உள்ளே போயிடுச்சு.

விரைவுத் தபால் தொலைஞ்சா ரொம்ப வருஷமா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. கட்டின கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 'எது குறைவோ' என்பதைக் கவனிங்க. 80 ரூபாய்க்கு அனுப்பினா 160. உள்ளே 3,000 ரூபாய்க் கண்டாங்கிச் சேலை இருந்தாலும் 160. காலிப் பெட்டி இருந்தாலும் 160.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். தபால் துறைக்கு ஒரு நியாயம் இருக்கு. 1,64,000-க்கும் மேல அஞ்சலகங்கள், பத்துக்கு ஒன்பது கிராமத்தில். லாபம் வராத ஊருக்கும் ஐம்பது காசு போஸ்ட் கார்டைக் கொண்டு போய்க் கொடுத்த அமைப்பு அது. ஒவ்வொரு கார்டுக்கும் நஷ்டஈடுன்னா கடையை மூட வேண்டியதுதான். ஆனா அந்த நியாயம் கார்டுக்கு. வியாபாரப் பார்சலுக்குத் தனிக் கட்டணம் வாங்கிட்டு அதே குடைக்குள்ள ஒதுங்கக் கூடாது. தனியார் கூரியருக்கு அந்த நியாயத்தில் கால் பங்குகூடக் கிடையாது. பாதிக் கிராமங்களுக்கு "சர்வீஸ் இல்லை சார்"னு கையை விரிக்கிறவங்க, பொறுப்புன்னு வரும்போது மட்டும் 1778-க்கு ஓடிடறாங்க.

இப்போ இன்ஷூரன்ஸ் கோஷ்டி வருவாங்க. "விலை உயர்ந்த பொருளை இன்ஷூர் பண்ணணும்ங்க." வெள்ளம், விபத்து, லாரி தீப்பிடிச்சது, இதுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கேளுங்க, கட்டறோம். ஹப்புக்குள்ள வந்த பெட்டி ஹப்புக்குள்ளயே காணாம போறதுக்கு நான் ஏன் பிரீமியம் கட்டணும்? பத்திரமா கொண்டு போறதுக்குத்தானே அந்த 640? விரைவுத் தபாலில் 2025 அக்டோபரிலிருந்து, ஓ.டி.பி. சொன்னால்தான் பட்டுவாடா என்கிற வசதி வந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா அதுக்கும் தனிக் காசு. சரியான ஆள்கிட்ட கொடுக்கணும்னா எக்ஸ்ட்ரா!

பொட்டி தட்டறவனா எனக்கு வயிறு எரியறது வேற இடத்தில். பார்சல் ஒவ்வொண்ணாகப் பயணம் போறதில்லை. பையில் போட்டுக் கட்டுவாங்க, வழியில் பைக்குத்தான் ஸ்கேன். பையைக் கட்டின இடமும் பிரிச்ச இடமும் பதிவாகும். கட்டும்போது பட்டியலில் இருந்து பிரிக்கும்போது இல்லைன்னா, தேட வேண்டிய இடம் ரெண்டுதான். எந்த ஊர், எந்த ஷிப்ட், யார் லாகின், எல்லாம் அவங்க டேட்டாபேஸில் இருக்கு. நமக்குக் காட்டறது ஒரே வரி, "இன் ட்ரான்சிட்". விடை அவங்க கையில், நிரூபிக்கிற வேலை நம்ம தலையில். எங்க டீமில் ஒரு ஃப்ரெஷரை உட்கார வச்சா அரை நாளில் எழுதிடுவான் அந்தக் குவெரியை. எழுத மாட்டாங்க, ஏன்னா தேடற செலவு நூறு ரூபாயைத் தாண்டிடும். அந்த நூறு ரூபாய் உச்சவரம்புதான் பெட்டியைத் தேட விடாம வச்சிருக்கு.

இதில் வாங்கினவரும் வித்தவரும் அடிச்சுக்கறதுதான் கொடுமை. "நீ அனுப்பவே இல்லை"ன்னு இவர், "வாங்கிட்டு இல்லைங்கறே"ன்னு அவர். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 39-ஆம் பிரிவுப்படி, சுமப்பவர்கிட்ட ஒப்படைச்சாலே வாங்குபவருக்குக் கொடுத்த மாதிரின்னுதான் முதலில் எடுத்துக்குவாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு சித்தி கையை விரிச்சிருக்கலாம். "கல்யாண வீட்டுக் காசுடா, வயித்தெரிச்சல் வேண்டாம்"னு கொடுத்துட்டாங்க. சட்டத்தை விட எங்க சித்தி மேல். நமக்கு இந்தப் பொறுப்பின்மையைக் கத்துக் கொடுத்த இங்கிலாந்தே 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், பொருள் வாங்குபவர் கைக்கு வர்ற வரைக்கும் நஷ்டம் வியாபாரியோடதுன்னு மாத்திக்கிச்சு. இங்கே அதையும் அப்படியே காப்பி அடிச்சா சித்தி மாதிரி ஆட்கள்தான் சாவாங்க. வியாபாரி கொடுத்ததைச் சுமந்தவன்கிட்ட முழுசா வசூல் பண்ண வழி இருந்தாத்தான் அது நியாயம்.

வழி இருக்கான்னு பார்த்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒண்ணைப் புதுசா சேர்த்திருக்காங்க. இந்த நூறு ரூபாய் ஷரத்துக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போடணும். வியாபாரத்துக்கு அனுப்பினவர் நுகர்வோர் இல்லைன்னு கூரியர்காரங்க வாதாடுவாங்க. ஆனா சுயதொழிலில் பிழைக்கிறவங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதுன்னு நாமும் எதிர்வாதம் வைக்கலாம். எல்லாம் சரி, ஒரு இடத்தில்தான் இடிக்குது. சேவைக் குறைபாடுன்னா புதுக்கோட்டை மாவட்ட ஆணையம் போதும். ஒப்பந்தமே நியாயமில்லைன்னு சொல்லணும்னா மாநில ஆணையத்துக்குத்தான் போகணும். பொன்னமராவதியில் பஸ் ஏறி, 4,800 ரூபாய்க்கு, மதுரைக்கோ சென்னைக்கோ எத்தனை வாய்தா?

அந்த ஒரு அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுங்க. டாக்கெட்டுப் பின்பக்கத்து ஷரத்தை ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தர் கேள்வி கேட்க ஆரம்பிச்சா, அந்த நூறு எத்தனை நாள் நூறாவே இருக்கும்னு பார்த்துடலாம்.