ஆளில்லா விமானமும் அரைப்பேரும்

ஆளில்லா ஆயுதம் என்று இன்று எத்தனை பெருமிதத்தோடு பேசுகின்றனர்! யுத்தத்தில் இனி உயிரிழப்புக் குறையுமாம். இப்பொய்க்கு வயது எண்பதுக்கு மேல்.

1944 இல் அமெரிக்கப் படையினர், பறந்து தேய்ந்த குண்டுவீச்சு விமானங்களின் உட்பொருள்களைக் கழற்றிவிட்டு வெடிமருந்தை நிரப்பினர். பின்தொடரும் தாய் விமானம் வானொலி அலைகளால் அவற்றை இலக்கிற்குச் செலுத்தும். ஆனால் தரையிலிருந்து எழுப்ப வானொலியால் இயலவில்லை. இருவர் ஏறி, விமானத்தை உயர்த்தி, வெடியை முடுக்கிவிட்டுப் பரசூட்டில் குதிக்கவேண்டும். ஆகஸ்ட் 12 அன்று இவ்வாறு இருவரோடு புறப்பட்ட கடற்படை விமானம், அவர்கள் குதிக்குமுன்னரே இங்கிலாந்தின் வானில் வெடித்துச் சிதறியது. இலக்காயிருந்த பிரான்சின் மிமொயெக் பீரங்கித் தளமோ ஜூலைக் குண்டுவீச்சிலேயே முடங்கிவிட்டிருந்தது!

மாண்டவருள் ஒருவர் ஜோசப் கென்னடி. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவரின் அண்ணன். அவரை உலகம் அறியும். உடன் மாண்ட வில்ஃபோர்ட் வில்லியை எத்தனை பேர் அறிவர்? மிமொயெக்கில் வேலை வாங்கப்பட்ட கட்டாய உழைப்பாளரை அறிந்தவர் யார்? ஒருவருக்கு முழுப்பேர், ஒருவருக்கு அரைப்பேர், ஏனையோருக்குப் பேரே இல்லை.

கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாட் கூலிக்கு 'அரைப்பேர்' போடும் தோட்டக் கணக்கில் வளர்ந்த நமக்கு, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு, இக்கணக்குப் புதிதன்று.

ஆளில்லா ஆயுதம் உலகில் இல்லை. செய்பவன் ஆள், ஏவுபவன் ஆள், சாகிறவனும் ஆள். அச்சொல் நம் வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே கேட்போம்: ஆள் எங்கே?