ஈவென்ட் லூப்பும் வேகம் என்ற மயக்கமும்

நிரலை ஈவென்ட் லூப்பில் எழுதினால் வேகமாக ஓடும் என்பது பயிற்சி வகுப்புகளிலும் வேலைக்கான நேர்காணல்களிலும் ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. நோட்.ஜேஎஸ் ஏன் வேகமானது என்று கேட்டால் "அது நான்-பிளாக்கிங்" என்று பதில் வரும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வேறு சிலவும் கிளைவிடுகின்றன. டைமர் குறித்த நேரத்துக்கு டாணென்று அடிக்கும். உள்ளீடு வந்ததும் வாட்சர் கூப்பிட்டுச் சொல்லும், நாம் படித்துக்கொண்டால் போதும். எல்லாம் ஒரே த்ரெட்டில் நடப்பதால் தரவுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வழியே இல்லை. இவற்றில் ஒன்றுகூட அப்படியே உண்மை அல்ல. எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான்: ஈவென்ட் லூப்பை வேலை செய்யும் இயந்திரம் என்று எண்ணிக்கொள்வது. அதற்குத் தெரிந்த வேலை காத்திருப்பது மட்டுமே. அதை மிக நன்றாகச் செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதலில், இது நோட்.ஜேஎஸ்ஸோடு பிறந்த சரக்கு அல்ல. அதை உருவாக்கிய ரயன் டால் பெர்லின் மாநாட்டில் மேடையேற்றியது 2009 நவம்பரில். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, 1996-இல் வந்த டிக்கிள் 7.5 பதிப்பில், இத்தனை மில்லிநொடி கழித்து இதை ஓட்டு என்று சொல்லும் 'ஆஃப்டர்' கட்டளையும், இந்தக் குழாயில் தரவு வந்தால் இதைக் கூப்பிடு என்று சொல்லும் 'ஃபைல்ஈவென்ட்' கட்டளையும் மொழியின் மையத்திலேயே இருந்தன. பர்லில் பிஓஇ, எனிஈவென்ட். பைத்தானில் ஏசின்க்கோர், ட்விஸ்டட் என்று வரிசை நீளும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது 1983-இல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த 'செலக்ட்' என்ற அழைப்பு. அதனிடம் இரண்டு விஷயம் சொல்கிறோம்: எந்தெந்த வாசலைக் கவனிக்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு நேரம் கவனிக்க வேண்டும். இன்றைய வாட்சர் முதலாவதிலிருந்து வந்தது, டைமர் இரண்டாவதிலிருந்து வந்தது. லூப் ஒவ்வொரு சுற்றிலும், வரவிருக்கும் டைமர்களில் மிக அருகில் இருப்பதற்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு நேரத்துக்கு மேல் தூங்காதே என்று கெர்னலிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறது. பின்னால் வந்த ஈபோல், கேக்யூ போன்றவை வாசல்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது இந்தக் கவனிப்பை மலிவாக்கின; கவனிப்பின் இயல்பை மாற்றவில்லை.

இப்போது வேகத்துக்கு வருவோம். ஒரு நிரல் மூன்று வெவ்வேறு சர்வர்களிடம் கேள்வி கேட்கிறது, ஒவ்வொன்றும் பதில் தர 200 மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 600. லூப்பில் மூன்றையும் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏறக்குறைய 200. வேகம் மூன்று மடங்கு கூடிவிட்டது என்று இங்கேதான் கைதட்டுகிறோம். ஆனால் அந்த 200 மில்லிநொடியும் நம் நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்தவை அந்த மூன்று சர்வர்கள். கேள்விகளுக்குப் பதிலாக மூன்று கணக்குகளைக் கொடுங்கள்: படத்தைச் சுருக்குவது, கடவுச்சொல்லை ஹாஷ் செய்வது, பெரிய ஜேசானைப் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் சிபியு 200 மில்லிநொடி உழைக்க வேண்டும் என்றால் லூப்பிலும் 600-தான். இன்னொரு கெடுதலும் சேரும். அந்த நேரத்தில் வந்த மற்ற வாடிக்கையாளர்கள் அனைவரும், ஒரு பைட் பதிலுக்காகக்கூட, வாசலிலேயே நிற்பார்கள். அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பவரே அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், பால் பொங்குவது அரைத்து முடிக்கும்வரை காத்திருக்காது.

அப்படியானால் என்ஜினெக்ஸும் ரெடிஸும் எப்படி வேகமாக இருக்கின்றன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரெடிஸின் கதை இங்கே சுவையானது. அதன் உள்ளே இருக்கும் ஈவென்ட் நூலகத்தை, ரெடிஸை உருவாக்கிய சால்வதோரே சான்ஃபிலிப்போ முதலில் எழுதியது ஜிம் என்ற குட்டி டிக்கிள் மொழிக்காக. பின்னர் அதையே தனியே பிரித்து எடுத்து ரெடிஸில் பயன்படுத்தினார். மூல நிரலின் குறிப்பிலேயே இதைப் பதிந்திருக்கிறார். ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் டைமரும் வாட்சரும்தான் பிற்காலத்தில் அத்தனை சர்வர்களில் ஓடின. ஆனால் ரெடிஸின் வேகம் அந்த லூப்பிலிருந்து மட்டும் வரவில்லை. தரவு நினைவகத்தில் இருக்கிறது. பெரும்பாலான கட்டளைகள் மைக்ரோநொடிக் கணக்கில் முடிகின்றன. ஒவ்வொரு முறையும் வேலை சட்டென்று முடிவதால் லூப் உடனே வாசலுக்குத் திரும்பிவிடுகிறது. லட்சக்கணக்கான சாவிகள் உள்ள இடத்தில், அத்தனையையும் துழாவும் 'கீஸ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள்; அதே லூப் எல்லோரையும் நிறுத்திவைக்கும். லூப்பின் உண்மையான லாபம் சிக்கனம். பத்தாயிரம் இணைப்புகளுக்குப் பத்தாயிரம் த்ரெட் வளர்க்காமல், பத்தாயிரம் சிறிய குறிப்புகளோடு காத்திருக்க முடிகிறது. ஸ்கிரிப்ட் மொழிகளில் இந்தச் சிக்கனம் இரட்டிப்பாகத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே த்ரெட் எப்போதுமே மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். பர்லில் புது த்ரெட் தொடங்கினால் நிரலின் தரவு முழுக்க நகலெடுக்கப்படுகிறது. பைத்தானில் நெடுங்காலம் ஒரு பெரிய பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிட்டது. லூப் அங்கே பக்கத்து வீட்டின் வறுமையால் பணக்காரனாகத் தெரிந்தது.

டைமர் விஷயத்தில் மயக்கம் இன்னும் ஆழமானது. 40, 100, 250 மில்லிநொடிகளுக்கு மூன்று டைமர்கள் வைத்திருக்கிறோம். லூப் 40 மில்லிநொடிக்குத் தூங்கப்போகிறது. 15-இல் ஒரு வாசலில் தரவு வருகிறது; லூப் விழித்து, அதற்காக நாம் கொடுத்துவைத்த செயற்கூறை, அதாவது கால்பேக்கை, கூப்பிடுகிறது; அது 60 மில்லிநொடி வேலை செய்கிறது. முடியும்போது மணி 75. நாற்பதுக்கு வைத்த டைமர் 35 மில்லிநொடி தாமதமாக ஓடுகிறது. பிழை என்று எதுவும் நடக்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது. "40 கழித்து" என்று நாம் எழுதியதை லூப் "40-க்கு முன்னால் இல்லை" என்றுதான் எப்போதும் படித்துவந்திருக்கிறது. இது சிறிய வேறுபாடு அல்ல. ஒவ்வொரு நொடியும் ஓட வேண்டிய வேலையை, வேலை முடிந்ததும் அடுத்த 1000 மில்லிநொடிக்கு மறுபடி டைமர் வைக்கும் வழக்கமான முறையில் எழுதினால், அந்த வேலை 5 மில்லிநொடி எடுத்தால்கூட ஒரு மணி நேரத்தில் கடிகாரம் 18 நொடி பின்தங்கும். உலாவியில் இன்னும் வேடிக்கை: செட்டைம்அவுட்டுக்குள் செட்டைம்அவுட் என்று ஐந்து அடுக்கு தாண்டினால், நீங்கள் சுழியம் என்று கொடுத்தாலும் 4 மில்லிநொடிக்குக் குறையாது என்பது எச்டிஎம்எல் தரவிதி. நோட்.ஜேஎஸ்ஸில் தாமதத்துக்கு உச்சவரம்பு 2,14,74,83,647 மில்லிநொடி, அதாவது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. முப்பது நாள் கழித்து நினைவூட்டு என்று எழுதினால் எண் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாமதம் 1 மில்லிநொடியாகி, நினைவூட்டல் கையோடு வந்து நிற்கும். எட்டு மணி நேரம் கழித்து என்பதும் எட்டு மணிக்கு என்பதும் வேறு வேறு என்பதை பர்லின் ஈவி நூலகம் நேர்மையாக ஒப்புக்கொண்டு, டைமர், பீரியாடிக் என்று இரண்டு தனி வாட்சர்களைத் தந்தது. முன்னதை, யாராவது கணினியின் கடிகாரத்தைத் திருத்தினால் பாதிக்கக் கூடாது. பின்னதைப் பாதித்தே ஆக வேண்டும்.

வாட்சர் சொல்லும் 'தயார்' என்ற சொல்லும் நாம் நினைக்கும் தயார் அல்ல. செய்தி முழுதாக வந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. ஏதோ சில பைட்டுகள் வந்திருக்கின்றன என்பதோடு சரி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 4096 பைட் கொள்ளளவோடு இடைவெளியில்லாத தமிழ்க் குறியீடுகளைப் படித்தால் 1365 குறியீடுகள் முழுதாகவும், அடுத்ததன் முதல் பைட் மட்டும் தனியாகவும் வந்து நிற்கும். அந்த இடத்திலேயே உரையாக மாற்ற முயன்றால் நிரல் முறைத்துக்கொள்ளும், அல்லது எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி முளைக்கும். ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில்படவே படாது. இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. இரண்டு வரிகள் சேர்ந்து வருகின்றன. வாட்சர் கூப்பிட்டதும், மொழி தரும் வழக்கமான 'ஒரு வரி படி' கட்டளையைப் பயன்படுத்துகிறோம். அது இரண்டு வரிகளையும் தன் இடைச்சேமிப்புக்குள் அள்ளிக்கொண்டு ஒன்றை மட்டும் நம்மிடம் தருகிறது. லூப் திரும்பிப்போய் கெர்னலைக் கேட்கிறது, கெர்னலிடம் எதுவும் மிச்சமில்லை, வாட்சர் மௌனம். இரண்டாவது வரி நம் நிரலின் மடியிலேயே கிடக்கிறது, மூன்றாவது வரி வந்தால்தான் வெளியே வரும். அரட்டை நிரல் எப்போதும் ஒரு செய்தி பின்தங்கியே ஓடுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பர்லின் ஆவணம் செலக்டோடு 'சிஸ்ரீட்' தவிர மற்றதைக் கலக்காதே என்று எச்சரிப்பது இதனால்தான்.

வட்டில் கிடக்கும் சாதாரணக் கோப்புகளிடம் இந்தக் கவனிப்பு பலிப்பதே இல்லை. செலக்டிடம் கேட்டால் கோப்பு எப்போதும் தயார் என்று சொல்லும். லினக்ஸின் ஈபோலோ கோப்பை ஏற்றுக்கொள்ளவே மறுத்துப் பிழை தரும். நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிபுவி இதைச் சமாளிக்க என்ன செய்கிறது? கோப்பு வேலைகளைத் த்ரெட்டுகளிடம் ஒப்படைக்கிறது, இயல்பாக நான்கு. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தேடலின் வழக்கமான வடிவமும் அதே நால்வர் தலையில்தான் விழுகிறது. த்ரெட் வேண்டாம் என்று சொன்ன வீட்டின் கொல்லைப்புறத்தில் நான்கு த்ரெட்டுகள் உழைக்கின்றன.

கடைசிக் கிளை, மோதல் இல்லை என்பது. இங்கே ஜான் ஆஸ்டர்ஹவுட்டைத் துணைக்கு அழைப்பார்கள். டிக்கிளை உருவாக்கிய அவரே 1990-களின் நடுவில் த்ரெட் பெரும்பாலான தேவைகளுக்குத் தவறான தேர்வு என்று வாதிட்டார். உண்மைதான். ஆனால் அதே உரையில், நீண்ட நேரம் ஓடும் கால்பேக் நிரலை முடக்கும் என்பதையும், சிபியுக்கள் உண்மையாகவே இணையாக உழைக்க வேண்டிய இடத்துக்குத் த்ரெட்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் சொன்ன பலன், ஒரு கால்பேக் ஓடும்போது இடையில் இன்னொன்று நுழையாது என்பது. ஒரு கால்பேக்குக்குள் அது பொய்க்காது. இரண்டு கால்பேக்குகளுக்கு நடுவில்? இருக்கை முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 42-ஆம் இருக்கை காலியா என்று தரவுத்தளத்தைக் கேட்கிறோம்; பதில் வரும்வரை லூப்புக்கு விட்டுக்கொடுக்கிறோம். அந்த இடைவெளியில் இன்னொரு வாடிக்கையாளரின் கோரிக்கை வந்து அதே கேள்வியைக் கேட்கிறது. இருவருக்கும் "காலி" என்று பதில். இருவர் பெயரிலும் பதிவு. த்ரெட் ஒன்றே ஒன்றுதான், மோதலும் நடந்துவிட்டது. பைத்தானின் ஏசின்க்ஐஓ நூலகத்தில் 'லாக்' என்ற வகை, ஒரே த்ரெட்டில் ஓடும் பணிகளுக்காகவே, எதற்கு இருக்கிறது என்று யோசித்தால் போதும்.

ஏசின்க், அவெயிட் வந்தபிறகு இவையெல்லாம் பழைய கதை என்பது மிஞ்சியிருக்கும் மறுப்பு. அவெயிட் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, சந்தேகமில்லை: நிரல் எந்த இடத்தில் லூப்புக்கு விட்டுக்கொடுக்கிறது என்று வரியிலேயே எழுதிக் காட்டுகிறது. 42-ஆம் இருக்கையின் ஆபத்து இருக்குமிடத்தில் இன்று ஒரு சொல் நிற்கிறது. முன்பு கால்பேக்குகளின் இடுக்கில் அது ஒளிந்திருந்தது. ஆனால் ஏசின்க் என்று தலைப்பிட்ட செயற்கூறுக்குள் பைத்தானின் பழைய 'டைம்.சிலீப்' ஐந்து நொடி போட்டால் மொத்த லூப்பும் ஐந்து நொடி தூங்கும், மொழி தடுக்காது. எனிஈவென்டில் வாட்சரை ஒரு மாறியில் பிடித்துவைக்காவிட்டால் அது அப்போதே மறைந்துவிடும் என்பது பர்ல்காரர்கள் முதல் நாளில் கற்ற பாடம். பணியைத் தொடங்கிவிட்டு அதன் கைப்பிடியை எங்கும் வைத்துக்கொள்ளாவிட்டால், அது பாதியிலேயே குப்பையாக அள்ளப்படலாம் என்று ஏசின்க்ஐஓ ஆவணமும் இன்று அதையேதான் சொல்கிறது. எழுத்துமுறை மாறிவிட்டது, லூப் மாறவில்லை. அதே ஏசின்க்ஐஓவை டீபக் முறையில் ஓட்டினால், லூப்பை 100 மில்லிநொடிக்கு மேல் பிடித்துவைத்திருக்கும் ஒவ்வொரு கால்பேக்கையும் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதும். எந்த இடத்தில் காத்திருப்பு முடிந்து உழைப்பு தொடங்குகிறது என்பதை, வேகமாக ஓடுவதாகப் பெயரெடுத்த எந்த நிரலிலும், அந்தப் பட்டியலை ஒரு நாள் ஓடவிட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.