மூக்கைத் தாழ்த்தும் முன்

1932இல் ஃபோர்டு வெளியிட்ட வி-8 கார் 65 குதிரைத் திறன் கொண்டது. கலிஃபோர்னிய இளைஞர்கள் அதன் மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, முரோக் வறண்ட ஏரிப்படுகையில் பறந்தார்கள். அந்த ‘ஹாட் ராட்’ மோகம் அமெரிக்காவில் இன்னும் தணியவில்லை. ஆனால் வீட்டு கராஜில் கார் கட்டுபவர்கள் பலர் கோட்டை விடுவது இன்ஜினில் அல்ல, முன் அச்சில்.

சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் வண்டி நேராகப் போக இதுவும் ஒரு காரணம். காரில் இந்தச் சாய்வுக்குப் பெயர் ‘காஸ்டர்’. ஒரே தண்டாக உள்ள பழைய பாணி அச்சுக்கு 5 முதல் 7 டிகிரி வரை வைப்பது வழக்கம்.

வம்பு இங்கேதான். அழகுக்காகப் பின்னால் பெரிய டயர்களை மாட்டி, மூக்கைத் தாழ்த்துகிறார்கள். சேஸிஸ் 3 டிகிரி முன்னால் சாய்ந்தால் காஸ்டரிலும் 3 டிகிரி போச்சு. மட்டமாக நிறுத்தி வைத்த 5, சாலையில் 2 ஆகிவிடும். வேகத்தில் கார் நேராகப் போகாமல் அலைபாயும். ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்படுவதில்லை. ஓடப்போகும் அதே டயர்களை மாட்டி, இன்ஜின் எடையையும் ஏற்றி, கார் தரையில் நிற்கும்போதுதான் கோணத்தை அளக்கிறார்கள். அதுவரை பொட்டு வைத்தாற்போல் அங்கங்கே பற்றவைப்பு. முழு வெல்டிங் அதற்கப்புறம்தான்.