அறிவியல் யாருக்குச் சொந்தம்?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு மாணவி)

“பத்தாவதுக்குப் பிறகு என்ன படிக்கப் போகிறாய்?” எங்கள் வீட்டிற்கு வருவோரெல்லாம் கேட்கும் கேள்வி இது. “வரலாறு” என்று நான் சொன்னால் போதும், “ஏனம்மா, சயின்ஸ் குரூப் கிடைக்காதா?” என்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள். கெட்டிக்காரர்களுக்கு அறிவியல், மற்றவர்களுக்கு மற்றவை என்பது அவர்கள் எண்ணம். இது சரிதானா?

பின்லாந்து மக்கள் அறிவியலை ‘தியெதெ’ என்பர். ‘அறிதல்’ என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். அந்நாட்டில் உயர்படிப்பு நெடுங்காலம் லத்தீன், சுவீடிஷ் மொழிகளிலேயே நடந்தது. பொதுமக்கள் பேசிய பின்னிஷ் மொழியில் கல்விக்குரிய சொற்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் யூவாஸ்குலா நகரத்து மருத்துவர் வோல்மர் ஷில்ட் அக்குறையைப் போக்கப் பல புதுச்சொற்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்றே ‘தியெதெ’. பின்னிஷ் மொழியில் கற்பித்த முதல் உயர்நிலைப்பள்ளி 1858இல் அந்நகரில்தான் தொடங்கியது.

இச்சொல்லின் பரப்பு வியப்பூட்டுவது. இயற்பியலும் வேதியியலும் அவர்களுக்கு ‘இயற்கை தியெதெ’. மொழி ஆராய்ச்சி ‘மொழி தியெதெ’. சட்டப்படிப்பு ‘நீதி தியெதெ’. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு புலத்தையும், இறையியல் புலம் உட்பட, ‘தியெதெகுந்தா’ என்றே அழைக்கின்றனர். ‘தியெதெக் குழு’ என்பது அதன் பொருள்.

அப்படியானால் எல்லாமே அறிவியலா என்று சிலர் கேட்கலாம். இல்லை. வெறும் அறிவுக்கு அவர்களிடம் ‘தியெதோ’ என்ற வேறு சொல் உண்டு. சான்று தேடி, ஒழுங்காக ஆராய்ந்து, தவறு கண்டால் திருத்திக்கொள்ளும் முயற்சியே ‘தியெதெ’. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைச் சோதிப்பவரும், கல்வெட்டின் காலத்தைக் கணிப்பவரும் இதைத்தானே செய்கிறார்கள்?

நம் தமிழும் இதற்கு அயலானதன்று. ‘அறிவியல்’ என்பதும் ‘அறி’ என்ற வேரில் பிறந்ததே. இயற்பியல், மொழியியல், பொருளியல், இறையியல் எல்லாவற்றுக்கும் ‘இயல்’ என்ற ஒரே மகுடத்தைத்தான் தமிழ் சூட்டியிருக்கிறது. மொழி காட்டாத வேற்றுமையை நாம் ஏன் காட்ட வேண்டும்?

அன்புத் தோழியரே, மருத்துவராக விரும்புவோர் மகிழ்வோடு உயிரியல் படியுங்கள். ஆனால் வரலாற்றையோ தமிழையோ தேர்ந்தெடுக்கும் தோழியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பெற்றோர்களே, “எந்தக் குரூப்?” என்று கேட்குமுன், “எதை அறிய ஆசைப்படுகிறாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது என்பது என் தாழ்மையான கருத்து.