மருந்தகத்தில் மறுக்கப்படும் வலிநிவாரணி

சத்திரசிகிச்சை முடிந்து மொன்றியல் வைத்தியசாலைகளிலிருந்து வீடு திரும்பும் எம்மவர் சிலர், மொர்பின் போன்ற வலிநிவாரணிக்கான சீட்டை மருந்தகத்தில் கொடுத்தும் மருந்து கிடைக்காது திரும்புகின்றனர். அகதி என்பதால் மறுத்தனரோ என மனம் குமுறுகின்றனர். காரணம் பெரும்பாலும் வேறு என்பதை நாம் அறிந்துகொள்ளவேண்டும்.

இத்தகைய சீட்டுகள் பலவற்றை எழுதுவோர், பட்டம் பெற்றபின் வைத்தியசாலையில் மேற்பயிற்சி பெறும் இளம் வைத்தியர்களே. அவர்களது கையொப்பம் எமது அயலிலுள்ள மருந்தாளருக்குப் பழக்கமற்றது. கட்டுப்படுத்தப்பட்ட போதைமருந்துக்கான சீட்டில் அறியாத கையொப்பம் இருப்பின், அதை உறுதிப்படுத்துவது மருந்தாளரின் சட்டக் கடமை. 2016 முதல் கனடாவில் 50,000க்கும் அதிகமானோர் அபின்வகைப் போதைப்பொருட்களால் மாண்டுள்ள நிலையில், இக்கண்டிப்பைக் குறைகூற முடியாது.

ஆயினும் சீட்டெழுதியவரை எங்கே தேடுவது? 2012இல் கியூபெக்கில் பயிற்சி வைத்தியர்களின் தொடர் கடமைநேரம் 16 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. அது நியாயமான மாற்றமே. ஆனால் மருந்தாளர் தொலைபேசியில் அழைக்கும்போது அவர் கடமை முடித்துச் சென்றிருக்கக்கூடும். பிரெஞ்சு மொழி அறியாத நோயாளியோ வலியுடன் காத்திருப்பார்.

வைத்தியரின் பெயர், அனுமதி இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியன சீட்டில் தெளிவாக இருத்தல்வேண்டும் என்பது கியூபெக் விதி. அதை நிறைவேற்றுவது எழுதுபவரதும் வைத்தியசாலையினதும் பொறுப்பு, நோயாளியின் சுமையன்று. எனினும் வெளியேறுமுன் சீட்டை வாசித்துப் பார்ப்போம். மேற்பார்வை வைத்தியரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வோம். இயன்றவரை பகல்வேளையிலேயே மருந்தகம் செல்வோம். கேட்பதற்குத் தயங்கவேண்டியதில்லை, வலியின்றி உறங்குவது எமக்கும் உரியதே.