அரிசியோடு வலையும் கொடுப்போம்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போதெல்லாம் மீன்வரத்து குறைகிறது; படகுகள் கடலுக்குப் போக வழியில்லை. திருப்பாலைவனம் வட்டார மீனவக் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. அப்போது நம் ஜமாஅத்கள் அரிசியும் மளிகையும் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அது போதுமா?

இதே கேள்வி யூதச் சட்டத்திலும் எழுந்தது. தர்மத்தை அவர்கள் 'ஸெதாக்கா' என்கிறார்கள்; நம் 'ஸதகா'வின் உறவுச் சொல். 1204-ல் எகிப்தில் மறைந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் தர்மத்தை 8 படிகளாகப் பிரித்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கடனோ, கூட்டுத்தொழிலோ, வேலையோ தந்து ஒருவர் இனிக் கையேந்தாதபடி செய்வதே முதல் படி.

இது நமக்குப் புதிதல்ல. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வீட்டுப் பொருள்களை நபி (ஸல்) அவர்கள் 2 திர்ஹமுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் விறகு வெட்டக் கோடரி (அபூதாவூத்). ஸகாத் பெறும் 8 பிரிவினரில் கடனாளிகளையும் குர்ஆன் (9:60) சேர்த்திருக்கிறது.

நாம் அரிசியோடு நின்றுவிடுகிறோம். ஒவ்வொரு மஹல்லாவும் பைத்துல்மாலில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு குடும்பங்களின் கடனையாவது அடைத்து, வலை வாங்கிக் கொடுக்கட்டும். பிற சமய மீனவர்களுக்கு ஸதகாவிலிருந்து உதவலாம். போட்டோ மட்டும் வேண்டாம். இன்று வாங்கும் குடும்பம், அல்லாஹ் நாடினால், நாளை ஸகாத் கொடுக்கும்.