எதிரியே, என் காதலனே!

"பி.காம். படிச்சவருக்கு டிராகன் கதை எதுக்கு?" என்றாள் என் மனைவி. சண்டை போட்டு மூன்று நாள் கழித்து அவள் பேசிய முதல் வாக்கியம்.

"சும்மா புரட்டறேன்" என்றேன். புரட்டி முடித்தபோது ராத்திரி மணி மூன்று.

ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023-ல் வெளிவந்த 'ஃபோர்த் விங்'. டிராகன் மீதேறிப் போரிடக் கற்றுத்தரும் ராணுவக் கல்லூரி. கதாநாயகி வயலட்டுக்கு லேசாக இடறினாலே மூட்டு நழுவும். ஸேடன் அவளுக்கு சீனியர். கலகம் செய்த அவன் அப்பாவைப் பிடித்து மரண தண்டனை வரை கொண்டுபோனவர் வயலட்டின் அம்மா. அந்தக் கலகத்தில்தான் வயலட் அண்ணனை இழந்தாள். இரண்டு பக்கமும் பற்று; வரவே கிடையாது. இந்த பேலன்ஸ் ஷீட் எப்படி டேலி ஆகும்? அங்கேதான் ஆசிரியை வைத்தார் ஒரு ட்விஸ்ட்: இவள் டிராகனும் அவன் டிராகனும் தம்பதி!

சூடான பக்கங்கள்? உண்டு ஸார். பாதிப் புத்தகத்துக்கு மேல் ஏங்க வைத்துவிட்டுத்தான். அட்டைக்கு நியூஸ்பேப்பர் சுற்றியதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. எதிரி என்பதாலேயே அவளை அணு அணுவாகக் கவனிக்கிறான் அந்தப் பாவி. அவள் பலவீனம், பலம் எல்லாம் அத்துப்படி. புருஷனான நான்?

காலையில் காபி நீட்டிய கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு.

"இது எப்போ?"

"நாம சண்டை போட்ட அன்னிக்கு."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவளே, "அந்த ஸேடன் கடைசியில என்ன ஆனான்?" என்றாள்.

நியூஸ்பேப்பர் அட்டையைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை நீட்டினேன்.